ஒப்புக்கு

இரண்டு இயந்திரங்கள்.
ஒரே சாம்பல் நிறம், ஒரே பட்டை, ஒரே உறுமல்.
ஒன்று இருநூறு வரை ஏறிக் கையை நெரிக்கும்.
ஐந்து நிமிடம். விடும். ஐந்து நிமிடம். மறுபடி நெரிக்கும்.
மற்றது அறுபதில் நின்றுவிடும்,
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தோள் உரசுவதுபோல.
இரண்டின் திரைமேலும் பச்சைத் துணி.
துணிக்கு அடியில் என்ன எண் என்று
இந்த வார்டில் எனக்கு மட்டும் தெரியும்.

மருந்து இல்லை, கத்தி இல்லை.
நல்ல கையைக் கொஞ்சம் பட்டினி போட்டால்
சேதி கேட்ட மூளை
பசி தாங்கப் பழகிக்கொள்ளுமாம்.
அந்த ‘ஆம்’-ஐ எடுத்துவிடலாமா என்று பார்க்கத்தான்
இத்தனை படுக்கை, இந்தத் துணி.

பெலவேந்திரன், ஐம்பத்தெட்டு, சிவாஜிநகர்.
பழைய கார்களின் கதவைக் கழற்றி விற்பவர்.
காலையில் டம்ளர் நழுவியதை அசதி என்றிருக்கிறார்கள்.
மாலை ஆறுக்கு ஆட்டோ,
ஏழரைக்கு எங்கள் வாசல்.
கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வேளை போய்விட்டது.
வலது கை அவருடையதாக இல்லை.
பேச்சில் மிஞ்சியது ஒரே சொல், “இந்தா”.
தண்ணீருக்கும் இந்தா, மனைவிக்கும் இந்தா.

ஒப்புதல் படிவம் ஆறு பக்கம்.
தமிழாக்க உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி,
தங்கவயல் தமிழ் போதும் என்று கூப்பிட்டார்கள்.
ஒரு சொல்லில் அரைநாள் நின்றோம்.
போலிச் சிகிச்சை என்றால் போலி டாக்டர் ஞாபகம் வரும்.
பாவனைச் சிகிச்சை என்றால் யாருக்கும் புரியாது.
என் சொல் நாக்கு நுனிவரை வந்தது.
கண்ணாமூச்சியில் சின்னதுகளையும் சேர்த்துக்கொண்டு
பிடித்தாலும் பிடிபட்டாலும் கணக்கில் வைக்காமல்
ஓடவிடுவோமே,
ஒப்புக்குச் சப்பாணி.
பக்கவாத வார்டில் அதை எப்படி எழுத?
‘குறைந்த அழுத்தம்’ என்று எழுதிவிட்டு
டீ குடிக்கப் போனோம்.

கணினி காசு சுண்டியது.
அவருக்கு அறுபது.

சவுரியம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி
ஒவ்வொரு உறுமலுக்கும் சிலுவை போட்டாள்.
“நல்லா இறுக்குதா சிஸ்டர்?”
இதற்கும் விடை தாளில் இருக்கிறது.
“மெஷின் சரியா வேலை செய்யுதும்மா.”
பொய் இல்லை.
பொய் இல்லாத சொல்லுக்கு
இவ்வளவு எச்சில் விழுங்க வேண்டியிருக்கும் என்று
தாளில் இல்லை.

அடுத்த கட்டில் நரசேகவுடா,
ராமநகரத்துப் பட்டுக்கூடு வியாபாரி. இருநூறு.
கை கருநீலமாகும், பல்லைக் கடிப்பார்,
முழங்கைக்கு மேல் சிவப்புப் புள்ளிகள் தெறிக்கும்.
மதிப்பிடும் டாக்டர் வருமுன்
சட்டைக் கையை இறக்கிவிடுவேன்.
நான்காம் சுற்றில் “சாக்கு, சாக்கு” என்பார்.
கன்னடத்தில் அது போதும்.
என் காதில் தமிழாகவே விழும்.

ஏழு நாள், நாளுக்கு இருமுறை.

தொண்ணூறாம் நாள் வேறு அறையிலிருந்து
எதுவும் தெரியாத ஒருவர் போன் செய்வார்.
தனியாக நடக்கிறாரா, கடைக்குப் போகிறாரா,
சட்டைப் பொத்தான் யார் போடுகிறார்கள்.
பூஜ்யத்திலிருந்து ஆறுவரை ஒரு மதிப்பெண்.
ஆறு என்றால் கேட்கவே ஆள் இல்லை.
எந்த எண்ணையும் நான் பார்க்கக்கூடாது.

ஆனால் சவுரியம்மாள் நேரில் வந்துவிட்டாள்.
பின்னால் அவர், காலை லேசாய் இழுத்து,
சட்டைப்பொத்தான் ஒன்று தவறி,
“இந்தா சிஸ்டர், கதவு தொறந்தாச்சு” என்று
நான்கு சொல் முழுசாய்.
“அந்தப் பட்டைதான். எங்க அண்ணனுக்கும் போடுவீங்களா?”

தானாகவே தேறியிருக்கலாம்.
அவள் பிடித்த சட்டத்தால் தேறியிருக்கலாம்.
நரசேகவுடா வீட்டில் என்ன எண் சொன்னார்களோ.
இரண்டு பேரை வைத்து எதுவும் சொல்லக்கூடாது,
எழுநூறு ஆகவேண்டும், நேற்றோடு நானூற்றுப் பதினொன்று.
சப்பாணி ஓடாவிட்டால்
மற்றவன் ஓட்டத்துக்கு அளவே இல்லை என்பது
அந்த அரைநாளில் எனக்குத் தோன்றவில்லை.

போகும்போது மேசையருகே நின்று
ஓர் இயந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
அது மற்றது.

நழுவிய துணியை
இழுத்துவிட்டேன்.